24 ரூபாய் வேலையை 19 ரூபாய்க்கு எடுக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் அப்பாவின் தையல் யூனிட்டை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். 22 மெஷின், ஜாப் ஒர்க்தான்: துணி பார்ட்டி (ஆர்டர் தருகிறவர்) கொடுப்பது, தைத்துத் தருவது மட்டும் எங்கள் வேலை. மாதம் 30,000 டி-ஷர்ட் ஓடும், பீஸுக்கு 24 ரூபாய். அடக்கம் 22 என்று ஆடிட்டர் போட்டுத் தந்திருக்கிறார்: தையல் கூலி, நூல், கரண்ட் எல்லாம் சேர்த்து 16, வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், பேங்க் வட்டி என்று மாதம் 1,80,000 போவதைப் பிரித்தால் 6. இந்த மாதம் வேலை இல்லை. ஏஜென்ட் ஒருவர் 8,000 பீஸ் கொண்டுவருகிறார், ஆனால் 19 ரூபாய்தான். அப்பா கூடவே கூடாது என்கிறார். கோவையில் ஒரு ஓட்டலில் தொழில் செய்கிறவர்களுக்குப் பொருளாதாரம் சொல்லித் தருகிறார்களாம், இரண்டு நாள், 35,000 ரூபாய். சேர்ந்தால் இதற்கெல்லாம் விடை தெரியுமா?

பதில்: அந்த 35,000-ஐக் கட்டாதீர்கள். அங்கே முதல் நாள் கை தட்டச் சொல்வார்கள், இரண்டாம் நாள் ஒன்றரை லட்ச ரூபாய் அடுத்த வகுப்பை விற்பார்கள். உங்களுக்கு வேண்டியது தமிழ்நாடு அரசின் பிளஸ் ஒன் பொருளியல் புத்தகத்தில், செலவு, வருவாய் பற்றிய பாடத்தில் இருக்கிறது. தமிழிலேயே இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும். நம் பள்ளிக்கூடங்களில் அந்தப் பாடத்துக்கு வளைகோடு வரையச் சொல்லி ஐந்து மார்க் போடுவார்கள். ஒரு வாடகை ரசீதையோ கரண்ட் பில்லையோ காட்டி யாரும் நடத்தியதில்லை. அதனால்தான் ஓட்டல் வகுப்புக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

இப்போது ஆர்டருக்கு வருவோம். ஷெட்டைப் பூட்டி வைத்தாலும் 1,80,000 போகத்தான் போகிறது. அது மாறாச் செலவு. இந்த ஆர்டரால் புதிதாகக் கையை விட்டுப் போவது பீஸுக்கு 16 மட்டுமே. 19 வந்தால் 3 ரூபாய் மிச்சம், 8,000 பீஸுக்கு 24,000. வாடகையில் ஒரு பங்காவது அடையும். மெஷின் சும்மா நிற்கிற மாதத்தில் 22-ஐப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தப்பு.

மெஷின் சும்மா நிற்காத மாதத்தில் கதை வேறு. இதற்காக 24 ரூபாய் வேலையைத் தள்ளினால், பீஸுக்கு 8 ரூபாய் மிச்சத்தை விட்டு 3 ரூபாயைப் பிடிக்கிறீர்கள். 8,000 பீஸில் 40,000 நஷ்டம். வாய்ப்புச் செலவு என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

ஆடிட்டர் போட்ட 16-ஐ ஒரு தடவை நீங்களே பிரித்துப் பாருங்கள். நான் பார்த்த யூனிட்களில் அதிகம் தப்பு நடக்கும் இடம் இது. உள்ளூர் டெய்லருக்குப் பீஸ் ரேட், வேலை இல்லையென்றால் கூலி இல்லை. அது சுத்தமாக மாறும் செலவு. ஆனால் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ ஆள் கூட்டிவந்து ரூம் எடுத்துத் தங்க வைத்திருந்தால்? வேலை இல்லாத வாரத்திலும் ரூம் வாடகை, அரிசி, கேஸ் எல்லாம் உங்கள் தலையில்தான். அனுப்பிவிட்டால் தீபாவளி சீசனுக்குத் திரும்பி வருவார்களா என்ற பயத்தில் பாதிச் சம்பளமும் கொடுப்பீர்கள். பேருக்கு அது கூலிக் கணக்கில் இருந்தாலும், இந்த மாதத்துக்கு அது வாடகை மாதிரிதான். 16-இல் 4 ரூபாய் இப்படி இருந்தால், உங்கள் உண்மையான மாறும் செலவு 12. அப்போது இந்த ஆர்டரில் மிச்சம் 3 இல்லை, 7. வேலை நிறைந்த மாதத்தில் அதே ஆட்களை ராத்திரியும் உட்கார வைத்து ஓவர்டைம் கொடுத்தால் 16 என்பது 20-ஐத் தாண்டும். ஆகவே 16 என்பது மாதத்துக்கு மாதம் மாறுகிற எண். ஆடிட்டர் வருஷக் கணக்கைப் பார்த்துப் போட்டதை அப்படியே நம்பாதீர்கள்.

சரி, ஏஜென்ட். அவருக்குப் பீஸுக்கு எவ்வளவு என்று கேட்டீர்களா? 1 ரூபாய் என்றே வைப்போம், 8,000 போயிற்று. பணம் 90 நாளில் என்பார். நீங்கள் கையிலிருந்து போடும் 1,28,000-க்கு ரெண்டு வட்டி என்றால் மூன்று மாதத்தில் 7,680. உங்கள் 24,000 இப்போது 8,320. கடைசியில் நூறு பீஸ் ரிஜெக்ட் என்று, துணிக்காசும் சேர்த்து 10,000 ரூபாயை உங்கள் பில்லில் கழித்துக்கொண்டு ஒரு டெபிட் நோட் வரும். முடிந்தது. உங்கள் அப்பா பயப்படுவது இதற்காகத்தான் இருக்கும், 19 ரூபாய்க்காக அல்ல.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது, ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகாரை விசாரிக்கக் கோவையிலேயே கவுன்சில் இருக்கிறது. 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். எழுதியவர்கள் ஒரு சனிக்கிழமை டெய்லர்களுக்குச் சம்பளம் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். நாளைக்கு அந்தப் பார்ட்டியிடமே ஆர்டர் கேட்டு நிற்க வேண்டியவர் இன்று எப்படி மனுப் போடுவார்? இருந்தாலும் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில் என்று அரசிடம் பதிவது, இல்லையென்றால் உடனே செய்யுங்கள். அரசு தளத்தில் ஆதார், பான், ஜிஎஸ்டி எண்களைக் கொடுத்தால் போதும், கட்டணம் ஒரு பைசா கிடையாது. அரசு தளம் மாதிரியே முகப்பு வைத்துக்கொண்டு 2,000, 3,000 வாங்குபவர்கள் நிறைய, ஏமாறாதீர்கள்.

ஏஜென்டிடம் பார்ட்டி பெயரைக் கேளுங்கள். பாதிப் பணம் டெலிவரி அன்றே, மீதி 30 நாளில், ரிஜெக்ட் இருந்தால் ஒரு வாரத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஒத்துக்கொண்டால் இந்த மாதம் மட்டும் 19-க்கு எடுங்கள். பில்லில் டிசைனை வேறு பெயரில் போடுங்கள், இல்லையென்றால் அடுத்த மாதம் 24 கொடுக்கிறவரும் 19 என்று வந்து நிற்பார். எழுதித் தர மாட்டேன் என்றால் மெஷின் சும்மாவே நிற்கட்டும்.