பத்து நிமிடம் முன்னால் சிரித்த சிரிப்பு

அன்புள்ள அக்கா,

மூன்று வருடமாக உங்கள் தளத்தை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

நாங்கள் நாலு பேர். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 7. எட்டு மாதத்துக்கு முன் விளையாட்டாக ஒரு குடும்ப வ்லாக் ஆரம்பித்தோம். இதுவரை யூடியூபில் 14 வீடியோ போட்டிருக்கிறோம். கணவர் எடுப்பார், நான் எடிட் செய்வேன். பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது மணி இரண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டரை மணி நேரம் எடுத்துத் தள்ளுகிறார். அதை எட்டு நிமிடமாக்க எனக்கு நாலு இரவு போகிறது.

போன மாதம் மகன் சைக்கிள் பழகும்போது விழுந்ததைப் போட்டோம். அடி ஒன்றும் இல்லை. அவன் விழுந்த ஷாட்டுக்கு அடுத்து, மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஷாட்டை வைத்தேன். உண்மையில் அவள் பத்து நிமிடம் முன்னால் வேறு எதற்கோ சிரித்தது அது. பொருத்தமாக இருக்கிறதே என்று வைத்தேன். வழக்கத்தைவிட நிறைய பேர் பார்த்தார்கள். அதிலிருந்து கேமராவை எடுத்தாலே மகள் உள்ளறைக்குப் போய்விடுகிறாள். கேட்டால் "சும்மா பிடிக்கலை" என்கிறாள். கணவர், "வயசு அப்படி, தானா சரியாப்போகும்" என்கிறார்.

சேர்ந்து செய்யத்தான் ஆரம்பித்தோம். இப்போது ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம். நிறுத்திவிடலாமா? இல்லை, எடிட்டிங்கையும் சேர்ந்தே செய்ய ஏதாவது வழி இருக்கிறதா? இன்னொரு சின்னச் சந்தேகம்: தனி ரெக்கார்டரில் எடுத்த ஒலி ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது, போகப்போக உதட்டசைவை விட்டு விலகிவிடுகிறது. ஏன்?

என் பெயரைப் போட வேண்டாம் அக்கா.

*

அன்புள்ள தங்கைக்கு,

"பத்து நிமிடம் முன்னால் வேறு எதற்கோ சிரித்தது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

உங்கள் மகள் அந்த வீடியோவைப் பார்த்திருப்பாள். தம்பி விழுகிறான், அக்கா சிரிக்கிறாள். அவளுக்குத் தெரியும், அவள் அப்படிச் சிரிக்கவில்லை. தம்பி விழுந்த அந்த நொடியில் அவள் முகம் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியாது, ஓடிப்போய்த் தூக்கியிருக்கவும் கூடும். பார்த்தவர்கள் அத்தனை பேரும், அவளுடைய வகுப்புப் பிள்ளைகளும் சேர்த்து, தம்பி விழுந்ததற்குச் சிரிக்கிற ஒரு அக்காவைப் பார்த்தார்கள். "நான் செய்யாத ஒன்றைச் செய்ததாக என் அம்மாவே காட்டிவிட்டாள்" என்று சொல்ல 12 வயதில் வார்த்தை வராது. "சும்மா பிடிக்கலை" என்றுதான் வரும். இதை வயசுக் கோளாறு என்று உங்கள் கணவர் சொல்வதை நான் ஏற்கவில்லை.

1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். மொஸ்ஜுகின் என்ற நடிகரின் உணர்ச்சி காட்டாத முகம் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதே முகத்தை ஒரு சூப் கிண்ணத்தோடும், சவப்பெட்டியில் கிடக்கும் குழந்தையோடும், ஒரு பெண்ணோடும் மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்கள் பசியைக் கண்டார்கள், துக்கத்தைக் கண்டார்கள், ஆசையைக் கண்டார்கள். நடிகரின் திறமையைப் புகழ்ந்தார்கள் என்றும் சொல்வார்கள். முகம் ஒன்றே ஒன்றுதான். எடிட்டிங் படிக்கிற எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் பாடம் இது. நள்ளிரவு ஒரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், யாருக்கும் கெடுதல் நினைக்காமல் நீங்கள் செய்ததும் இதுவேதான். மொஸ்ஜுகின் சம்பளம் வாங்கிய நடிகர், உங்கள் மகள் அப்படி இல்லை.

அதனால் மற்றதெல்லாம் அப்புறம். இன்று மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அந்த ஷாட்டை மாற்றி வைத்தது நான்தான், அது தப்பு என்று சொல்லுங்கள். பொருத்தமாக இருந்தது என்ற விளக்கம் வேண்டாம். யூடியூப் ஸ்டுடியோவின் எடிட்டரில், ஏற்கெனவே போட்ட வீடியோவின் நடுவிலிருந்தும் ஒரு துண்டை வெட்டி எடுக்கலாம். லிங்க் மாறாது. எங்கே தொடங்கி எங்கே வெட்டுவது என்று அவள் சொல்லட்டும், மௌஸும் அவள் கையில் இருக்கட்டும். முழு வீடியோவையுமே எடுத்துவிடு என்றால் எடுத்துவிடுங்கள். மற்ற 13-ஐயும் அவள் ஒருமுறை பார்த்து முடிக்கும்வரை 'பிரைவேட்' ஆக்கி வையுங்கள். 'அன்லிஸ்டட்' போதாது, லிங்க் கைக்குக் கிடைத்த எவரும் பார்க்கலாம்.

இது பிள்ளைக்குக் கொடுக்கும் செல்லம் என்று உங்கள் கணவர் நினைத்தால் இதைச் சொல்லுங்கள்: இணையத்தில் வரும் சிறுவர் வீடியோக்களுக்காக 2020-இல் பிரான்ஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தன்னைப் பற்றிய வீடியோவை நீக்கும்படி தளத்திடம் பிள்ளையே கேட்கலாம், பெற்றோரின் சம்மதம் தேவையில்லை என்கிறது அது. சட்டம் இருக்கிற நாட்டில் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒன்றை நம் வீட்டில் நாமே கொடுத்துவிடலாம்.

இனி சேர்ந்து எடிட் செய்வதற்கு வருகிறேன். உங்களுடைய நாலு இரவுகளுக்குக் காரணம் எடிட்டிங் இல்லை, அந்த இரண்டரை மணி நேரம். 1965-இல் வீட்டுப் படம் எடுப்பதற்கான சூப்பர் 8 ஃபிலிம் வந்தபோது, சுருளை அடைத்து விற்ற ஒரு கேட்ரிட்ஜில் 50 அடி இருந்தது. வினாடிக்கு 18 பிரேம், அதாவது 18 தனிப்படங்கள், என்ற வேகத்தில் அது ஓடி முடிய 3 நிமிடம் 20 வினாடி. வீட்டுப் படம் எடுத்தவர்கள் பொத்தானை அழுத்துமுன் யோசித்தார்கள், யோசிக்காமல் கட்டுப்படியாகாது. நம் போனில் அந்தத் தடை இல்லாததால் நாமாக ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் இதை 'ரீல் கணக்கு' என்கிறோம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 3 நிமிடம் 20 வினாடி. நாலு பேருக்கும் சேர்த்து 13 நிமிடம் 20 வினாடி. மிச்சம் வைக்கலாம், கடன் வாங்கக் கூடாது. இதில் ஒரு பெரிய நன்மை, கேமரா கை மாறுகிறது. உங்கள் 14 வீடியோவில் உங்கள் கணவர் எத்தனை நிமிடம் தெரிகிறார் என்று எண்ணிப் பாருங்கள். ஏழு வயதுப் பையன் எடுத்தால் இடுப்பு உயரத்திலிருந்து வீடு வேறு மாதிரி தெரியும், மேசைக்கு அடியில் என்னென்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியவரும்.

13 நிமிடம்தான் என்பதால் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து முழுதையும் பார்க்க முடியும். டிவியில் இணைத்து, ஒருமுறை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். ஆளுக்கொரு காகிதம், பேனா. பிடித்த இடம் வரும்போது அது எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது வினாடி என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஏழு வயதுக்காரன் படம் வரையட்டும். பார்த்து முடித்ததும் ஒவ்வொருவரும் ஒரு துண்டைக் கேட்டு வாங்கலாம், அதை மற்ற மூவரும் தடுக்கக் கூடாது. அதேபோல ஒவ்வொருவருக்கும் தன் முகம், தன் குரல் வரும் எந்தத் துண்டையும் வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. காரணம் கேட்கக் கூடாது. இந்தக் "காரணம் கேட்கக் கூடாது" என்பதை மட்டும் தளர்த்தாதீர்கள். காரணம் கேட்டால் வாதம் வரும், வாதத்தில் பெரியவர்கள்தான் ஜெயிப்போம்.

பிறகு துண்டுச் சீட்டுகள். ஒரு ஷாட்டுக்கு ஒரு சீட்டு, "தம்பி ஹெல்மெட் மாட்டுகிறான், 6 வினாடி" என்பது போல. தரையில் பரப்பி வரிசை மாற்றி மாற்றி வையுங்கள். ஆவணப்படக்காரர்கள் 'பேப்பர் எடிட்' என்று செய்வது இதைத்தான். சிரித்த முகத்தை விழுந்த காட்சிக்குப் பின்னால் நகர்த்துகிற கை எல்லார் கண் முன்னாலும் நகரும். "அது முன்னாடி நடந்ததும்மா" என்று பையனே சொல்லிவிடுவான். வரிசையை மாற்றவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், மாற்றாமல் எடிட்டிங் கிடையாது. மழை பெய்ததை முதலில் வைக்கலாம், கதவு திறந்ததைப் பிறகு வைக்கலாம். ஒருவருடைய முகத்தை இன்னொரு நிகழ்ச்சிக்குப் பதிலாக வைக்கும்போது அந்த முகத்துக்குரியவர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சீட்டு வரிசை முடிந்தபின் கணினியில் உட்கார்ந்து ஷாட்டுகளை அந்த வரிசைப்படி அடுக்குவது ஒருவர், அதிகம் போனால் இருவர். நாலு பேர் ஒரு திரையைச் சுற்றி நின்றுகொண்டு "இன்னும் ரெண்டு ஃப்ரேம் தள்ளு" என்று சொல்வது யாருக்கும் சந்தோஷம் தராது, இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. 12 வயதுப் பெண் ஒரு வாரத்தில் உங்களைவிட வேகமாகச் செய்வாள். அடுத்த காட்சியின் ஒலியை ஒரு வினாடி முன்னாலேயே கேட்கவைக்கும் 'ஜே கட்' என்ற உத்தியை மட்டும் காட்டிக்கொடுங்கள். மகன் ஓடிவரும் காலடிச் சத்தம் முதலில், அவன் உருவம் பிறகு. அதை ஒருமுறை தானே செய்து பார்த்துவிட்டால் மற்றதைத் தானே தேடிக் கற்றுக்கொள்வாள்.

உங்கள் ஒலிச் சந்தேகம். ரெக்கார்டரும் போனும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடுகின்றன. போதாததற்குப் பல போன்கள் பிரேம் வேகத்தை ஒரே சீராக வைத்துக்கொள்வதில்லை, வெளிச்சத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும். எடிட் செய்யுமுன் ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். ஒவ்வொரு எடுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் கேமரா முன் ஒருவர் கைதட்ட வேண்டும். இரண்டு ஒலி அலைகளிலும் அந்தக் கூர்முனையைப் பொருத்தினால் எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்தக் கைதட்டும் வேலையை மகனுக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று: எடுத்து முடித்ததும் அதே இடத்தில் 30 வினாடி எல்லோரும் வாய்மூடி நின்று அந்த இடத்தின் வெறும் ஒலியைப் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களுக்கு அடியில் அதைப் பரப்பினால் ஒலி தாவாது. போனை ஆளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே பாதிப் பிரச்சினை தீரும், தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் வரை குறைகிறது.

கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கேமரா பிடித்தவர் என் அப்பா. அவர் எடுத்த கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றி நான் எடிட் செய்தேன். கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார், "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, வெளிச்சம் வரட்டும்" என்று. எனக்கு அது இடைஞ்சலாகத் தெரிந்தது. எல்லா இடத்திலும் மியூட் செய்துவிட்டு இசையைப் போட்டேன். கணினியில் இடம் போதவில்லை என்று மூலக் கோப்புகளை அழித்தேன். கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போயின. அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. மியூட் செய்ய விட்டுப்போன ஒரு துண்டில் அவர் குரல் 11 வினாடி இருக்கிறது.

1895-இல், சினிமாவைத் தொடங்கிவைத்த லூமியர் சகோதரர்களில் மூத்தவரான அகுஸ்ட் மனைவியோடு உட்கார்ந்து தன் குழந்தைக்கு உணவூட்டியதை அவர் தம்பி லூயி படமெடுத்தார். ஒரு நிமிடம்கூட ஓடாத வீட்டுப் படம். பார்த்தவர்கள் குழந்தையைவிட, பின்னால் காற்றில் அசைந்த இலைகளைக் கண்டுதான் வியந்தார்கள் என்று சொல்வார்கள். எடுத்தவர்கள் அந்த இலைகளுக்காக எடுக்கவில்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்று இந்த வருடம் நாம் முடிவு செய்வது இந்த வருடத்து வீடியோவுக்கு மட்டும்தான். எடுத்த 13 நிமிடத்தையும் அப்படியே தேதி போட்டு இரண்டு டிஸ்க்குகளில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். உங்கள் கணவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து பேசுவாரானால் அந்தக் குரலை வீடியோவிலும் விட்டுவையுங்கள்.

நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்கள். எடுப்பதை நிறுத்த வேண்டாம். வெளியிடுவதை நிறுத்திவையுங்கள், மகள் தானாகச் சொல்லும்வரை. அவள் சொல்லாமலே போகலாம், அப்போதும் வீட்டு டிவியில் நாலு பேர் பார்க்கிற படமாக அது இருக்கும். அதற்கும் தலைப்பு வைக்கலாம், முடிவில் பெயர்கள் ஓடவிடலாம். அடுத்த ஞாயிறு முதல் ரீலை மகளுக்குக் கொடுங்கள். அவள் எடுப்பதில் அவள் தெரிய மாட்டாள், அதனால் உள்ளறையிலிருந்து வெளியே வருவாள் என்று நம்புகிறேன். வந்தாளா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா