பித்தப்பைக்கு ஆபரேஷன், வலியோ தாடையில்: சட்டம் என்ன சொல்கிறது?

என் மனைவிக்கு வயது 42. நான்கு மாதங்களுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததுமே வலது காதுக்கு முன்னால் வலிக்கிறது, வாயைத் திறக்க முடியவில்லை என்றாள். “டியூப் போட்டதால் தொண்டை வலி, இரண்டு நாளில் சரியாகிவிடும்” என்று நர்ஸ் சொல்லிவிட்டார். இன்றுவரை இட்லியைக்கூட விண்டு விண்டு உள்ளே தள்ளித்தான் சாப்பிடுகிறாள். ஆபரேஷன் வயிற்றில், கோளாறு தாடையில். வழக்குப் போட முடியுமா?
- ஆர்.எஸ்., கும்பகோணம்

போடலாம். ஆனால் “வயிற்று ஆபரேஷனில் தாடை எப்படிக் கெட்டது?” என்ற கேள்வியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அதற்கு மருத்துவமனையிடம் பதில் தயாராக இருக்கும்.

லேப்ராஸ்கோப்பிக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயில் டியூப் போடுவார்கள். அதற்குமுன் தசைகளைத் தளர்த்தும் மருந்து ஏறியிருக்கும். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயை அகலத் திறந்து, லாரிங்கோஸ்கோப் என்ற கருவியால் நாக்கைத் தூக்கித் தொண்டையைப் பார்ப்பார்கள். விழித்திருக்கும்போது அளவுக்கு மேல் வாயைத் திறந்தால் தசை இறுகித் தடுக்கும், வலியும் எச்சரிக்கும். மயக்கத்தில் அந்த இரண்டு காவலும் கிடையாது. காதுக்கு முன்னால் உள்ள மூட்டில் கீழ்த்தாடையின் முனை முன்னால் சறுக்கும்போது, நடுவில் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு இடம் பெயரக்கூடும். கவனமான கையிலும் இது நேரலாம். நேர்ந்துவிட்டது என்பதாலேயே அது அலட்சியம் ஆகாது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: அந்தத் துறையில் சாதாரணத் திறமை உள்ள ஒருவர் காட்டும் கவனம் காட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

ஆகவே உங்கள் வழக்கை மூன்று தாள்களில் தேட வேண்டும்.

முதல் தாள், ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து நிபுணர் நிரப்பும் பரிசோதனைப் படிவம். வாய் எவ்வளவு திறக்கிறது (தன் மூன்று விரலை மேலும் கீழுமாக அடுக்கி நுழைக்க முடிந்தால் சரி என்பது வழக்கமான கணக்கு), மல்லம்பட்டி கிரேடு (வாயைத் திறந்தால் தொண்டையின் உட்பகுதி எவ்வளவு தெரிகிறது என்ற அளவு) எவ்வளவு, தாடையில் ‘கடக்’ சத்தம், முன்பு பிசகிய வரலாறு உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தால் பார்க்கவேண்டியதைப் பார்க்கவில்லை என்று வாதாடலாம். “வாய் திறப்பு போதுமானது” என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது! ஆபரேஷனுக்கு முன் தாடை நன்றாக இருந்தது என்பதற்கு அவர்கள் கையெழுத்தே சாட்சி. “பழைய கோளாறு” என்று பிறகு சொல்ல முடியாது.

இரண்டாவது, ஆபரேஷன் நேரத்து மயக்கப் பதிவேடு. டியூப் எத்தனை முறை முயன்று போட்டார்கள், குரல்வளை எந்த கிரேடில் தெரிந்தது, வேறு கருவி தேவைப்பட்டதா என்று அதில் இருக்கும். ஒரே முயற்சி, முதல் கிரேடு (குரல்வளை நன்றாகத் தெரிந்தது) என்றிருந்தால் டியூப் போட்ட விதத்தைக் குறை சொல்வது கடினம். நான்கு முயற்சி என்றிருந்தால் கதை வேறு.

மூன்றாவது, ரெக்கவரி அறை, வார்டு நர்ஸ் குறிப்புகள். எங்கள் கணிப்பில் உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான். மயக்கம் தெளிந்த அன்றே நோயாளி தாடை வலி என்று சொல்லியும் எந்த டாக்டரும் வந்து பார்க்கவில்லை, முகத்தாடை நிபுணரிடம் அனுப்பவில்லை, டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரியும் இல்லை என்றால் அது மருத்துவச் சிக்கல் என்ற போர்வைக்குள் அடங்காது, கவனிப்புக் குறைபாடு. வாய் மூடவே முடியாமல் திறந்தபடி நின்றுவிடும் முழுப் பிசகாக இருந்தால் இந்தத் தாமதம் இன்னும் பெரிய குற்றம். முதல் சில மணி நேரத்தில், கடைவாய்ப் பல் பக்கம் கட்டைவிரலை வைத்துக் கீழும் பின்னும் அழுத்தினால் பெரும்பாலும் உள்ளே போய்விடும். நாள்பட்டால் தசை இறுகி, கடைசியில் ஆபரேஷன் வரை போகும். நீங்கள் அன்று மருத்துவமனை எண்ணுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஏதாவது இருந்தால் அழிக்காதீர்கள்.

இப்போது செய்யவேண்டியது: வாய்-முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். பெரியவர்களுக்குச் சுமார் 40 மி.மீ. இயல்பு, 25 என்று ஒரு தாளில் எழுதியிருப்பது, ‘கடுமையான வலி’ என்று பத்து தடவை எழுதுவதைவிட வலுவானது. ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் (முழுத் தாடையையும் ஒரே படமாக எடுப்பது) எலும்புதான் தெரியும். தட்டு விலகியிருக்கிறதா என்று பார்க்க வாயை மூடியும் திறந்தும் எடுக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும். “மயக்க மருந்து டாக்டரின் தவறால் வந்தது” என்று எழுதித் தரும்படி அந்த நிபுணரை நெருக்காதீர்கள்; எழுத மாட்டார். “ஆபரேஷன் நாள் முதல் தொந்தரவு இருப்பதாக நோயாளி கூறுகிறார்” என்ற ஒரு வரி போதும். மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், பயிற்சி, இரவில் பல்லுக்கு ஸ்பிளிண்ட் (பல்மேல் மாட்டும் உறை) என்று அவர் சொல்வதை ஒழுங்காகச் செய்யுங்கள். பலருக்கு இதிலேயே குறைந்துவிடும். சிகிச்சையை அலட்சியப்படுத்தினால் எதிர்த்தரப்பு அதையே நஷ்ட ஈட்டைக் குறைக்கும் காரணமாகக் காட்டும்.

வழக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம்; மருத்துவமனை சென்னையில் இருந்தாலும் தஞ்சாவூரில் தாக்கல் செய்யலாம். எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பது நீங்கள் கேட்கும் நஷ்ட ஈட்டை வைத்து அல்ல, மருத்துவமனைக்குக் கட்டிய தொகையை வைத்து. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் தாக்கல் கட்டணமே கிடையாது. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ருதி தளத்தில் ஆன்லைனிலும் பதிவு செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை, ஆனால் மருத்துவ வழக்கில் வைத்துக்கொள்வது நல்லது. முன்கூட்டி நோட்டீஸ் அனுப்பவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அனுப்பினால் அவர்கள் எழுதும் பதிலே ஒரு ஆவணமாகக் கிடைக்கும். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், அதற்கு மேல் 15 நாள் வரை நீட்டிக்கலாம்.

யார்மேல் போடுவது? மருத்துவமனை, அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர் மூவரையும் சேருங்கள். “அவர் வெளியிலிருந்து வரும் விசிட்டிங் டாக்டர், எங்கள் ஊழியர் அல்ல” என்று மருத்துவமனை கை கழுவப் பார்க்கும். சவிதா கர்க் வழக்கில் (2004) உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை; கவனிப்பில் குறை இல்லை என்று விளக்கவேண்டிய பொறுப்பும் மருத்துவமனைக்கே என்றது.

கெடு இரண்டு ஆண்டு. இதில் ஒரு பொறி உண்டு. 1993-இல் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்ணுக்கு, 2002-இல் வயிற்றில் விடப்பட்டிருந்த துணி எடுக்கப்பட்டது. 2004-இல் அவர் போட்ட வழக்கு காலம் கடந்தது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. உள்ளே மறைந்திருக்கும் கோளாறுக்குக் கண்டுபிடித்த நாளிலிருந்து கணக்கு. ஆனால் ஆபரேஷன் முடிந்ததிலிருந்தே வலி இருந்தும் விசாரிக்காமல் இருந்தால் அந்தச் சலுகை கிடைக்காது. உங்கள் மனைவிக்கு முதல் நாளே வலி தெரிந்தது. டிஸ்சார்ஜ் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

கேஸ் ஷீட் கேட்டால் “டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்தாச்சே, வேறென்ன வேணும்?” என்கிறார்கள்.
- வாசகி, திண்டுக்கல்

டிஸ்சார்ஜ் சம்மரி என்பது கதைச் சுருக்கம். அதை வைத்து வழக்கு நடத்த முடியாது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரவேண்டும். சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். வாயால் கேட்காதீர்கள். மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் பெயருக்குக் கடிதம் எழுதி, உள்நோயாளி எண், அனுமதித்த தேதி குறிப்பிட்டு, மயக்கத்துக்கு முந்தைய பரிசோதனை, மயக்க ஒப்புதல் படிவம், மயக்கப் பதிவேடு, ரெக்கவரி அறைக் குறிப்பு, நர்ஸ் குறிப்பு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘எல்லா ஆவணங்களும்’ என்று பொதுவாகக் கேட்டால் இருபது பக்க ரத்தப் பரிசோதனை வரும், வேண்டிய தாள் வராது. நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், அல்லது ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். தராவிட்டால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். கவுன்சில் டாக்டர்மேல் ஒழுங்கு நடவடிக்கைதான் எடுக்கும், நஷ்ட ஈடு தராது. வாங்கிய நகலில் வேறு மையில் சேர்த்த எழுத்து, திருத்திய நேரம் தெரிந்தால் அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

“தாடை, பல் பாதிப்பு வரலாம்” என்று அச்சடித்த படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவ்வளவுதானா?
- கே.எம்., நாகர்கோவில்

இல்லை. ஒப்புதல் என்பது அபாயத்தைத் தெரிந்துகொண்டேன் என்பதற்கு; அலட்சியமாக இருங்கள் என்பதற்கு அல்ல. நோயாளி புரிந்து முடிவெடுக்கும் அளவுக்குப் போதிய தகவல் தரப்பட்டிருக்க வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்டிரெச்சரில் படுத்தபடி, தெரியாத மொழியில் அச்சான தாளில் போட்ட கையெழுத்துக்கு மதிப்புக் குறைவு. கையெழுத்தின் பக்கத்தில் எழுதிய நேரத்தைப் பாருங்கள்.

அரசு மருத்துவமனையில் குடலிறக்க ஆபரேஷன். அதன்பின் அப்பாவுக்குத் தாடை அடிக்கடி பிசகுகிறது. நுகர்வோர் கோர்ட் போகலாமா? போலீஸில் புகார் கொடுக்கலாமா?
- எம்.பி., விருதுநகர்

எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடத்தில் சிகிச்சை பெற்றவர் ‘நுகர்வோர்’ ஆகமாட்டார். சாந்தா வழக்கில் (1995) அப்படித்தான் தீர்ப்பு. பெயருக்கு வாங்கும் சீட்டுக் கட்டணம் கணக்கில் வராது. ஆனால் அதே தீர்ப்பு, பணத்தைக் காப்பீட்டு நிறுவனம் கட்டினால் அது இலவச சேவை அல்ல என்கிறது. முதல்வர் காப்பீட்டுத் திட்ட அட்டையில் ஆபரேஷன் நடந்திருந்தால் இதை வைத்து வாதாட இடமுண்டு.

இல்லையென்றால் சிவில் கோர்ட்டில் நஷ்ட ஈட்டு வழக்கு, அதற்குக் கெடு 3 ஆண்டு. அரசுமேல் வழக்கு என்பதால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-வது பிரிவுப்படி இரண்டு மாத நோட்டீஸ் முதலில் போகவேண்டும். அலட்சியம் ஆவணத்திலேயே தெளிவாகத் தெரிந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் உண்டு. உங்கள் மாவட்டத்துக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றம் இருந்தால் அங்கும் கேட்டுப் பாருங்கள். மருத்துவமனை சேவை அதன் வரம்பில் வருகிறது. பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்புக்குள் இருந்தால் கிடைக்கும். எண் 15100. ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாள்.

போலீஸ் வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். எலும்பு பிசகுவது சட்டப்படி ‘கொடுங்காயம்’ பட்டியலில் இருக்கிறது என்று யாராவது உசுப்பிவிடுவார்கள். உண்மைதான். ஆனால் டாக்டர்மேல் கிரிமினல் வழக்குக்கு மிக மோசமான அலட்சியம் காட்டப்படவேண்டும், அதற்குமுன் வேறொரு டாக்டரின் கருத்தையும் போலீஸ் பெறவேண்டும். டியூப் போடும்போது பிசகிய தாடை அந்த அளவை எட்டுவது அபூர்வம். குற்றம் இல்லை என்று போலீஸ் புகாரை முடித்துவிட்டால் அந்த அறிக்கையை உங்கள் நஷ்ட ஈட்டு வழக்கிலேயே கொண்டுவந்து நீட்டுவார்கள்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன். பிறகு எலும்புக்கு என்று மாதாமாதம் ஊசி. இடையில் ஒரு பல்லைப் பிடுங்கினோம். மூன்று மாதமாகியும் குழி மூடவில்லை, எலும்பு தெரிகிறது. இதற்கு யார் பொறுப்பு?
- வாசகர், ஈரோடு

ஊசி சோலெட்ரானிக் ஆசிட் அல்லது டெனோசுமாப்பா என்று பாருங்கள். இவற்றால் தாடை எலும்பு செத்துப்போகும் அபாயம் தெரிந்த ஒன்று. தாடைக்குக் கதிர்வீச்சு கொடுக்காமலேயே எலும்பு 8 வாரத்துக்கு மேல் வெளியே தெரிந்தால் இந்த நோயைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். ஊசி தொடங்குமுன் பல் மருத்துவரிடம் அனுப்பி, பிடுங்கவேண்டிய பல்லைப் பிடுங்கி, புண் ஆறியபின் தொடங்குவதே முறை. ஆகவே இரண்டு கேள்விகள்: புற்றுநோய் டாக்டர் பல்லைப் பற்றி எச்சரித்தாரா? பல் டாக்டர் என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டாரா? முதலாவதற்கு ஒப்புதல் படிவம், இரண்டாவதற்குப் பல் மருத்துவமனையின் ஓ.பி. சீட்டு சாட்சி. ஊசி விவரத்தை நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் பல் டாக்டர்மேல் வழக்கு பலவீனம். இரண்டாண்டுக் கெடுவை எலும்பு வெளியே தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம். இப்போதைக்கு எந்த ஊசியையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்னொரு பல்லையும் பிடுங்க விடாதீர்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ முகத்தாடைப் பிரிவு உள்ள வேறு மருத்துவமனையிலோ காட்டுங்கள். போகும்போது ஊசி போட்ட தேதிகளை வரிசையாக எழுதிக்கொண்டு போங்கள்.