நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் தோற்பவர்கள் எல்லோரும் மனப்பான்மை சரியில்லாதவர்களா?

கேள்வி கேட்டவர் ஒரு நெட்வொர்க் மார்க்கெட்டிங் நிறுவனத்தில், அதாவது பொருளை விற்பதோடு ஆளும் சேர்த்து, அவர்கள் வாங்குவதிலும் கமிஷன் எடுக்கும் தொழிலில், சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு மீட்டிங்கைக்கூட தவறவிட்டதில்லை என்கிறார். அவருக்குக் கீழே ஐந்து பேர் இருக்கிறார்கள், ஆனால் கையில் பணம் எதுவும் நிற்கவில்லை. அப்லைனிடம், அதாவது தனக்கு மேலே இருந்து தன்னைச் சேர்த்துவிட்டவரிடம், கேட்டால், "ப்ளான்ல தப்பே இல்லை, உங்க ஆட்டிட்யூட்தான் சரியில்லை, இன்னும் உழைக்கணும்" என்ற பதில்தான் வருகிறதாம். இது உண்மையா என்பது கேள்வி.

இந்த வாக்கியத்தை நான் நான்கு வருடம் கேட்டேன். அதில் மூன்று வருடம் மற்றவர்களுக்கும் சொன்னேன். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

புதியவர்களுக்கு ப்ளான், அதாவது வருமானத் திட்டம், காட்டும்போது போர்டில் ஒரு வட்டம் போடுவார்கள். அதற்குக் கீழே ஐந்து வட்டம். "நீங்க அஞ்சு பேரைக் கொண்டு வாங்க, அவங்க ஆளுக்கு அஞ்சு பேரைக் கொண்டு வரட்டும்." 5, 25, 125 என்று போய் பத்தாவது படியில் 97 லட்சத்தைத் தாண்டும், பதிமூன்றாவதில் 122 கோடியைத் தாண்டும். பதினைந்தாவது படிக்கு உலகத்தில் ஆளே இல்லை. இதைப் பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அப்லைனிடம் இதற்குப் பதிலும் தயாராக இருக்கும்: "எல்லாரும் சேரப் போறதில்லை, பாதிப் பேர் விட்டுடுவாங்க, அதனால ஆள் தீரவே தீராது." சரி, அப்படியே இருக்கட்டும். எனக்கு உறைத்தது வேறொரு கணக்கு.

அந்தப் படத்தை எந்தப் படியில் வேண்டுமானாலும் நிறுத்திப் பாருங்கள். மூன்று படி இறங்கினால் மேலே இருப்பவரையும் சேர்த்து 156 பேர். அதில் 125 பேருக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. இன்னும் ஒரு படி இறங்கினால் 781 பேர், அதில் 625 பேருக்குக் கீழே யாரும் இல்லை. எங்கே நிறுத்தினாலும் 100க்கு 80 பேர் கடைசி வரிசையில்தான் நிற்கிறார்கள். ஒருவருக்குக் கீழே இரண்டு பேர் என்று வளரும் பைனரி திட்டத்திலும் பாதிக்கு மேல் அப்படித்தான். போர்டில் வரைந்தபடியே எல்லாம் அச்சுப் பிசகாமல் நடந்தால்தான் இந்தக் கணக்கு. ஒருவரும் சோம்பேறி இல்லை, ஒருவரும் பாதியில் விடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த 125 பேரும் முகம் சுளிக்காமல் இரவு பகலாக உழைத்து மேலே ஏறினால், அவர்கள் விட்ட இடத்தில் 625 புது ஆட்கள் வந்து நிற்க வேண்டும். ஆள் சேர்ப்பதால் வரும் வருமானத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலானவர்கள் கீழே இருந்தாக வேண்டும் என்பது அமைப்பிலேயே இருக்கிறது. மனப்பான்மையை எவ்வளவு மாற்றினாலும் இந்த விகிதம் மாறாது. நான்கு வருடத்தில் எத்தனையோ மீட்டிங்குகள் போயிருக்கிறேன், ஒன்றில்கூட இதை யாரும் வரைந்து காட்டியதில்லை. நானும் காட்டவில்லை.

அமெரிக்காவின் வணிகப் போட்டியையும் நுகர்வோரையும் கவனிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன், 2024இல் இப்படிப்பட்ட நிறுவனங்களே வெளியிட்ட 70 வருமான அறிக்கைகளை எடுத்து ஆராய்ந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்தில் கிடைத்தது 1,000 டாலர் அல்லது அதற்கும் குறைவு. மாதத்துக்கு 84 டாலருக்கும் கீழே. அதுவும் செலவைக் கழிப்பதற்கு முன்னால். குறைந்தது 17 நிறுவனங்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. இத்தனை பேருக்கும் ஆட்டிட்யூட் சரியில்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அப்படியானால் உழைப்புக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. ஆனால் எதை உழைப்பு என்று எண்ணுகிறோம் என்பதில்தான் நானும் என் டீமும் தவறினோம். லிஸ்ட் எழுதுவது, போன் செய்வது, மீட்டிங்குக்கு ஆள் கூட்டிப் போவது, பயிற்சி முகாமுக்கு டிக்கெட் வாங்குவது, இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்ஆப் குழுவில் நாளைய இலக்கைப் போடுவது. உடம்பு நிஜமாகவே ஓய்ந்துபோகும். ஆனால் அந்த நாள் முழுக்க, டீமுக்கு வெளியே இருக்கும் ஒரு மனிதர் தனக்குத் தேவை என்று ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்கினாரா என்று பார்த்தால், பல நாட்கள் இல்லை.

எங்கள் டீமில் ஒரு அக்கா இருந்தார். நாற்பது பேரில் அவர் மட்டும் மீட்டிங்குக்கு வர மாட்டார். மேடையில் பேசச் சொன்னால் மறுத்துவிடுவார். ஒரு நோட்டில் முப்பது வாடிக்கையாளர்களின் பெயர் இருக்கும். யார் என்ன வாங்கினார்கள், எப்போது தீரும், யாருக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாம் எழுதி வைத்திருப்பார். ஒத்துக்கொள்ளாதவரிடம் "இது உங்களுக்கு வேண்டாம்" என்று நேராகச் சொல்லிவிடுவார். இரண்டு வருடத்தில் ஒரே ஒருவருக்குத்தான் ஐடி போட்டுக் கொடுத்து டீமில் சேர்த்தார், அதுவும் அந்த அம்மா தானாகக் கேட்ட பிறகு. எங்கள் அப்லைன் அவரை நெகட்டிவ் என்பார், அவரோடு அதிகம் பேச வேண்டாம் என்று புதியவர்களிடம் சொல்வார். பின்னாளில் நான் கணக்கு கேட்டபோது, நாற்பது பேரில் செலவு போக மாதாமாதம் கையில் பணம் நின்றது அவருக்கு மட்டும்தான். பெரிய தொகை கிடையாது. ஆனால் அது விற்பனையில் வந்த பணம், யாரும் அதற்காகக் கடன் வாங்கவில்லை.

அந்த அக்கா தன் போக்கில் செய்ததைத்தான் சட்டமும் கேட்கிறது என்பதை ரொம்பத் தாமதமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். 1979இல் அதே அமெரிக்கக் கமிஷன், ஆம்வே என்ற நெட்வொர்க் மார்க்கெட்டிங் நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பு சொன்னது. அது பிரமிட் திட்டம், அதாவது பொருள் விற்பதைவிட ஆள் சேர்ப்பதிலேயே பணம் வரும் ஏமாற்று, இல்லை என்று சொன்னதை எல்லா மீட்டிங்கிலும் பெருமையாகச் சொல்வார்கள். ஏன் அப்படிச் சொன்னது என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். வாங்கிய சரக்கில் குறைந்தது 70 சதவீதத்தை மாதாமாதம் விற்றிருக்க வேண்டும், பத்து வெவ்வேறு வாடிக்கையாளருக்கு விற்றதற்குச் சான்று காட்ட வேண்டும், விலகுபவரிடம் விற்கக்கூடிய சரக்கு மீந்திருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அந்த நிறுவனம் விதி வைத்திருந்தது. அதைக் கணக்கில் எடுத்துத்தான் அந்த முடிவு வந்தது. அதே தீர்ப்பு, வருமானத்தை மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது என்றும் ஆம்வேக்கு உத்தரவு போட்டது. 2016இல் இதே மாதிரி நிறுவனமான ஹெர்பலைஃப், அந்தக் கமிஷனோடு 20 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டபோதும் இதே கதைதான். அமெரிக்காவில் விநியோகஸ்தர்களுக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகையில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு, சரிபார்க்கப்பட்ட சில்லறை விற்பனையிலிருந்து வர வேண்டும் என்று அந்த நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

மனப்பான்மை பற்றிச் சொல்லித்தரும் எல்லாமே தவறு என்று நான் நினைக்கவில்லை. பத்துப் பேர் வேண்டாம் என்ற பிறகு பதினோராவது ஆளிடம் சிரித்த முகத்தோடு பேசக் கற்றுக்கொண்டது இன்றைக்கும் என் வேலையில் உதவுகிறது. கூச்சம் போனதும் இங்கேதான். ஆனால் கேள்வி கேட்பவனை நெகட்டிவ் என்று ஒதுக்கச் சொல்லும் இடத்தில் அது பயிற்சியாக இருப்பது நின்றுவிடுகிறது. சந்தேகம் வந்த வீட்டு ஆட்களிடமிருந்து தள்ளி இரு என்று ஒரு பயிற்சியில் எனக்குச் சொன்னார்கள். நானும் ஆறு மாதம் அப்பாவிடம் சரியாகப் பேசவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மாசம் எவ்வளவு வருது, எவ்வளவு போகுது?"

இப்போது பொறுப்பைப் பற்றி. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நான் முதலில் ஐடி போட்டுக் கொடுத்தது என் சித்தி மகனுக்கு. என்னைவிட ஐந்து வயது சின்னவன். நான் சொன்னதால் சேர்ந்தான், வேறு காரணம் எதுவும் இல்லை. ரேங்க் கிடைக்க என் லெக்கில், அதாவது எனக்குக் கீழே உள்ள ஒரு கிளையில், வாங்கும் சரக்குக்குச் சேரும் பாயின்ட் கொஞ்சம் குறைந்தது. "இந்த மாசம் மட்டும் சரக்கு எடுத்து வைடா, அடுத்த மாசம் உனக்கே திரும்பி வந்துடும்" என்றேன். கடன் வாங்கி எடுத்தான். எனக்கு ரேங்க் கிடைத்தது, மேடையில் ஏற்றி என் சட்டையில் பேட்ஜ் குத்தினார்கள். அவன் கீழே உட்கார்ந்து கைதட்டினான். எட்டு மாதம் கழித்து, "அண்ணா, சரக்கு அப்படியே இருக்கு, தேதி முடியப் போகுது, என்ன பண்றது?" என்று கேட்டான். அன்றைக்கு நான் சொன்ன பதில்: "உன் ஆட்டிட்யூட்தான்டா பிரச்சினை."

அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தன் மேல்தான் தவறு என்று நம்பிவிட்டான். அதற்குப் பிறகு வேறு வேலைக்கு முயற்சி செய்யவே தயங்கினான் என்று சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பணம் போனதைவிட இது என்னை அதிகமாக உலுக்கியது. வெற்றி வந்தால் சிஸ்டத்துக்கு, தோல்வி வந்தால் தனி ஆளுக்கு என்று பங்கு பிரிக்கும் ஏற்பாட்டுக்கு நான் வாயாக இருந்திருக்கிறேன். பொறுப்பு என்ற சொல் எங்கள் மீட்டிங்கில் எப்போதும் கீழ்நோக்கியே போகும், டவுன்லைன், அதாவது கீழே சேர்ந்தவர், தன் தோல்விக்குத் தானே பொறுப்பு என்று. அவனைக் கூட்டி வந்தவர், வருமானம் வரும் என்று வாக்குக் கொடுத்தவர், அவன் வாங்கியதில் கமிஷன் எடுத்தவர், இவர்களுடைய பொறுப்பு என்ன என்று யாரும் கேட்டதில்லை. இந்தியாவில் 2021இல் வந்த நேரடி விற்பனை விதிகள் பிரமிட் திட்டத்தைத் தடை செய்வதோடு, விற்பனையாளர்கள் விற்றதில் வரும் புகார்களுக்கு நிறுவனமும் பொறுப்பு என்கின்றன. சட்டத்துக்குத் தெரிந்த அந்த மேல்நோக்கிய பொறுப்பு எனக்குத் தெரியவில்லை.

அவன் வீட்டுக்குப் போய் என் தவறு என்று சொன்னேன். சித்தி முன்னால் சொன்னேன், ஏனென்றால் அவனைத் திட்டியதும் அவர் முன்னால்தான். அவன் எடுத்த சரக்கின் பணத்தைப் பதினோரு மாதத் தவணையில் திருப்பிக் கொடுத்தேன். மீதிப் பேருக்கு அவ்வளவு செய்ய என்னால் முடியவில்லை. அவர்களிடம் என் நிஜமான கணக்கைக் காட்டினேன், இரண்டு பேர் இன்றும் என்னோடு பேசுவதில்லை.

உங்களுக்கு என் யோசனை இதுதான். கடைசி ஆறு மாதத்தை ஒரு தாளில் எழுதுங்கள். வந்த கமிஷன் ஒரு பக்கம். கமிஷன் தகுதி போகாமல் ஆக்டிவாக இருப்பதற்காக நீங்களே வாங்கியது, மீட்டிங் டிக்கெட், பயணம், போன், விற்காமல் அலமாரியில் இருக்கும் சரக்கு எல்லாம் இன்னொரு பக்கம். டீமில் இல்லாத எத்தனை பேர் இரண்டாவது முறையும் வந்து வாங்கினார்கள் என்பதைத் தனியாக எழுதுங்கள். அந்த எண் நன்றாக இருந்தால் உங்களிடம் ஒரு சின்ன விற்பனைத் தொழில் இருக்கிறது, அதைத் தாராளமாக வளர்க்கலாம். பூஜ்யம் என்றால், இன்னும் உழைக்கச் சொல்பவரிடம் அவருடைய இதே தாளைக் கேளுங்கள். கமிஷன் வந்ததைக் காட்டும் பேஅவுட் ஸ்க்ரீன்ஷாட்டை ஏற்காதீர்கள், அதில் செலவு இருக்காது.

அப்புறம், உங்களுக்குக் கீழே ஐந்து பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த மீட்டிங்குக்குக் கிளம்பும் முன் அந்த ஐந்து பேருக்கும் போன் செய்து, வீட்டில் எவ்வளவு சரக்கு மீந்திருக்கிறது, அதற்குக் கடன் ஏதாவது வாங்கினார்களா என்று கேளுங்கள். திருப்பிக் கொடுக்க இன்னும் கெடு இருக்கிறதா என்று நிறுவனத்தின் விதியைப் பார்த்து, கூடவே இருந்து அனுப்ப உதவுங்கள். இதில் நாள் முக்கியம். என் தம்பியின் சரக்குக்கு அந்தக் கெடு இருந்தது, நான் அவனுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்த மாதத்தில்தான் அது முடிந்தது.