கடலோர ஆட்டுப் பண்ணை வாங்கலாமா?

கேள்வி: வேதாரண்யம் பக்கம், கடலிலிருந்து 300 மீட்டரில் பழைய ஆட்டுப் பண்ணை விலைக்கு வருகிறது. 3 ஏக்கர், ஓட்டுக் கொட்டகை, கிணறு. வாங்கிப் புதுப்பிக்கலாமா?

பதில்: முன்பணம் கொடுக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். மழைக்காலத்தில் இனிக்கும் கிணறு மே மாதம் கரிக்கும். நல்ல நீர் உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காகத்தான் நிற்கிறது. கோடையில் 2 மணி நேரம் மோட்டார் ஓடவிட்டு, பிறகு எடுத்த நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 3,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஆடுகளுக்குப் பயமில்லை. 5,000 தாண்டினால் சினை ஆடுகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். ஆழ்துளை போட்டால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள், உப்புதான் மேலேறும்.

கொட்டகைத் தூண்களைச் சுத்தியலால் தட்டுங்கள். 'டொப்' என்று வெற்றொலி வந்தால் உள்ளே கம்பி துருவேறி சிமென்ட்டைப் பிளந்திருக்கிறது. மேலே பூசி மறைத்தால் மீண்டும் உரியும். துருவில்லாத கம்பி தெரியும்வரை கொத்தித்தான் சீர்செய்ய வேண்டும். கைமரங்கள் (கூரையைத் தாங்கும் சட்டங்கள்) உளுத்திருக்கின்றனவா என்று ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். 2018 கஜா புயல் கண்ட பகுதி அது. கூரையைத் தூணோடு இழுத்துக் கட்டியே ஆகவேண்டும்.

வளர்ந்த ஆட்டுக்கு 10 சதுர அடி என்று கணக்கிட்டு, இருக்கும் கொட்டகைக்குள் எத்தனை அடங்கும் என்று பாருங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல்நீர் ஏறிவரும் எல்லை) 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி உண்டு, விரிவாக்கம் எளிதல்ல. 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் (நில அளவை வரைபடம்) மூன்றையும் ஒப்பிட்டு, சர்வேயரை வைத்து அளந்த பிறகே விலை பேசுங்கள்.