ஆஸ்பத்திரி வேலைக்குப் படிக்க ஆசையா? பிள்ளைகளின் கேள்விகளும் என் பதில்களும்

நாகர்கோவிலில் 27 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். நம் மாவட்டத்துப் பிளஸ் டூ பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

தக்கலை மாணவி: சிஸ்டர், நான் நீட் எழுதவில்லை. எனக்கு வழி இருக்கிறதா?

இருக்கிறது மக்களே. எம்பிபிஎஸ், பல் மருத்துவம், கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரிப் படிப்பு போன்றவற்றுக்கு நீட் வேண்டும். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்குக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, நான்கு வருஷம். இரண்டு வருஷ டி.பார்ம். என்ற மருந்தாளுநர் படிப்பும், லேப் டெக்னீஷியன் டிப்ளமோவும் உண்டு. ரத்தக் குழாயில் ஊசி போடவே கை நடுங்குகிற பிள்ளை, மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தால் அசராமல் வேலை பார்ப்பாள். அதையும் யோசித்துக்கொள்.

குளச்சல் மாணவன்: நான் காமர்ஸ் குரூப். ஆண்களும் நர்சிங் படிக்கலாமா?

தாராளமாக. ஜிஎன்எம் என்ற மூன்று வருஷ நர்சிங் டிப்ளமோ படிப்புக்கு அறிவியல் குரூப் கட்டாயம் இல்லை. ஏஎன்எம் என்ற துணை நர்ஸ் படிப்பு மட்டும்தான் பெண்களுக்கானது. விபத்தில் இடுப்பெலும்பு நொறுங்கி வந்தவரைத் திருப்பிப் படுக்க வைக்க, ஒரு தம்பி கூட இருந்தால் எவ்வளவு ஆறுதல் என்று எங்களுக்குத் தெரியும்.

மார்த்தாண்டம் மாணவி: மருத்துவச் சொற்களைப் பார்த்தாலே பயம். எப்படி மனப்பாடம் செய்வது?

மனப்பாடம் வேண்டாம், சொல்லைப் பிரித்துப் பார். 1838-ல் மருத்துவப் பணி தொடங்கிய நெய்யூரில், எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல் பின்னாளில் வேலை பார்த்தார். வயிற்றுப்புண் ஆபரேஷனுக்குப் பேர் போனவர். நாமும் அந்த வயிற்றையே எடுத்துக்கொள்வோம்.

'காஸ்ட்ரோ' என்றால் இரைப்பை. பின்னால் 'ஐட்டிஸ்' வந்தால் காஸ்ட்ரைட்டிஸ், இரைப்பை அழற்சி. 'எக்டமி' வந்தால் காஸ்ட்ரெக்டமி, இரைப்பையை முழுதாகவோ ஒரு பகுதியாகவோ வெட்டி எடுப்பது. 'ஆஸ்டமி' வந்தால் காஸ்ட்ராஸ்டமி, வயிற்றில் துளை வைத்துக் குழாய் வழியாக உணவு கொடுப்பது. தலை ஒன்றுதான், வால் மாறினால் நோயே சிகிச்சையாகிவிடும். 'நெஃப்ரோ' சிறுநீரகம், 'ஹெப்பட்டோ' கல்லீரல், 'ஆர்த்ரோ' மூட்டு. இந்த மூன்றோடும் 'ஐட்டிஸ்' சேர்த்து நீயே சொல்லிப் பார்.

முன்னால் வரும் துண்டில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். 'ஹைப்பர்' கூடுதல், 'ஹைபோ' குறைவு. ஒரு நாள் இரவு டியூட்டியில், போனில் டாக்டர் 'ஹைபோ' என்று சொன்னது எனக்கு 'ஹைப்பர்' என்று கேட்டது. சந்தேகம் வந்து, "சார், சர்க்கரை எவ்வளவு?" என்றேன். 48. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. சர்க்கரையை இன்னும் இறக்கிவிடும் இன்சுலினை எடுத்திருந்தேன் என்றால், நினைக்கவே முடியவில்லை. அதற்கப்புறம் எண்ணைக் கேட்காமல் போனை வைத்ததே இல்லை.

இரணியல் மாணவன்: அப்படியென்றால் இங்கிலீஷ் சொல் தெரிந்தால் போதுமா?

போதாது. நோயாளி சொல்வது நம் ஊர்ப் பேச்சில் வரும். இளைப்பு, கிறுகிறுப்பு என்பார்கள். கடற்கரை ஊர்த் தாத்தா ஒருவர் 'நெஞ்சு கரிக்குது மக்களே' என்று வந்தார். கூட வந்தவர்கள் வாயுத் தொல்லை என்றார்கள். சட்டை முழுக்க வேர்வை, கை தாடையையே தடவிக்கொண்டிருந்தது. இசிஜி எடுத்தால் மாரடைப்பு. அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுது, பக்கத்தில் நீ கண்ணால் பார்த்ததையும் எழுது.

குலசேகரம் அப்பா ஒருவர்: ஆறு மாத நர்சிங் சான்றிதழ் தருவதாகச் சொல்கிறார்கள், சேர்க்கலாமா?

சேர்க்காதீர்கள் அண்ணாச்சி. எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி நகையை அடகு வைத்து இப்படிப் படித்தாள். நர்ஸாகப் பதிவு செய்யப் போனபோது முடியாது என்றுவிட்டார்கள். தமிழ்நாடு நர்ஸுகள் கவுன்சிலில் பதிவு இல்லாமல் நர்ஸ் வேலை பார்க்க முடியாது. கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று நேரில் விசாரித்த பிறகே ஃபீஸ் கட்டுங்கள்.

ஆரல்வாய்மொழி மாணவி: ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது.

பலருக்கும் வரும். அந்த நேரம் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். கை கால் தசைகளைக் கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடி, அழுத்தம் ஏறும். முடியவில்லையா, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடு. பழகப் பழகப் பெரும்பாலும் சரியாகிவிடும்.