மட்டக்களப்பில் விட்டுப்போன சொந்தக்காரரையும் கூத்துக் கூட்டாளிகளையும் ஒரு மிருதங்கக்காரர் எப்படித் தேடிப் பிடிப்பது?

கேள்வி கேட்டவர் கச்சேரிச் சுற்றில் கொழும்பு வரை வருகிறார். தாயின் ஊர் படுவான்கரை, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை. 1990இல் போனதோடு தொடர்பு அறுந்துவிட்டது. கையில் பத்து நாள் இருக்கிறது.

பழைய விலாசத்தை நம்பி வராதீர்கள். 1990 இடப்பெயர்வில் பாதி கலைந்தது, 2004 சுனாமியில் மீதி. கடலோர நாவலடியில் இருந்த பல குடும்பங்கள் இப்போது திராய்மடுவில். இவை நடக்காதிருந்தாலும் விலாசம் பொய்த்திருக்கும். இங்கே வீடு வளவு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். ஆண் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். கூட்டாளியை அவன் பிறந்த வளவில் தேடினால் படலையைத் திறப்பது அவன் தங்கச்சியாகத்தான் இருக்கும். "அண்ணன் எந்த ஊர்ல முடிச்சவர்?" என்று கேளுங்கள், வேலை முடிந்தது. மாமன்மாரையும் இப்படித்தான் பிடிக்க வேண்டும்.

ஊருக்குள் போனால் முதல் கேள்வி "நீங்க ஆர்ர மகன்?" என்பது, அடுத்தது "என்ன குடி?" குடி என்பது தாய்வழி வரும் வம்சம். தகப்பன் பேரை மட்டும் சொன்னால் பாதி வழிதான் திறக்கும். வர முன்னமே அம்மம்மாவின் பேர், வீட்டுப் பட்டப்பேர், குடி, கும்பிட்ட கோயில் நான்கையும் எழுதி எடுங்கள். அந்தக் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் ஆரென்று கேட்டு அவரைப் பாருங்கள். வண்ணக்கர்மார் குடிவாரியாக வருகிறவர்கள். எந்தக் கிளை எங்கே போய்க் குடியேறியது என்பது அவர்களுக்கு மனப்பாடம். கிராம உத்தியோகத்தரும் உதவுவார், ஆனால் அவரிடம் இருப்பது இப்போது அங்கே இருக்கிறவர்களின் பதிவுதான். அவரை இரண்டாவதாக வையுங்கள்.

திகதியை நீங்கள் தெரிவு செய்யலாம் என்றால் வைகாசி. கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடி முடியும்வரை, வெளியூரில் முடித்தவர்களும் தாய் ஊருக்கு வருவார்கள். பத்து வீடு ஏறி இறங்குவது மிச்சம். ஒவ்வொரு கோயிலுக்கும் நாள் வேறு, அதனால் முதலில் விசாரியுங்கள். ஆடி அமாவாசையும் நல்லதுதான், ஆனால் மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கும் தெற்கே திருக்கோவில் முருகன் கோயிலுக்கும் ஒரே நாளில் தீர்த்தம். இடையில் 70 கிலோமீற்றருக்கு மேல், அதுவும் அன்றைய சனத்துக்குள். ஒன்றைத்தான் பார்க்கலாம்.

வைகாசியில் வந்தால் மிருதங்கத்துக்குக் கச்சான் காற்று எதிரி. தென்மேல் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு இங்கே வெறும் சூடாக இறங்கும். தோல் காய்ந்து சுருதி தானாக ஏறும், வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) உள்ள கரணை, அந்தக் கறுப்புப் பூச்சு, வெடிக்கும். வாசித்து முடித்ததும் மூட்டை (விளிம்பில் உள்ள தோல் பின்னலை) கீழிருந்து மேலாகத் தட்டிச் சுருதியைக் குறைத்து, தடித்த பருத்தி உறையில் வையுங்கள். தகரக் கூரை வீடும் வெயிலில் நிறுத்திய வானும் கூடாது. தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) ஒட்டும் ரவையும் சீக்கிரம் காயும், தண்ணீர்ச் செம்பு பக்கத்தில் இருக்கட்டும். மாரியில் வந்தால் எல்லாம் தலைகீழ்: தோல் தொய்யும், சுருதி நிற்காது. மண்டூர்ப் பக்கம் பாதையில் (ஆள் ஏற்றும் மிதவையில்) ஆற்றைக் கடப்பதென்றால் உறைக்கு மேலே ஒரு பொலித்தீன் சுற்று. உடும்புத்தோல் கஞ்சிரா வைத்திருந்தால் வீட்டிலேயே விட்டு வாருங்கள். உடும்புத்தோலை நாடு விட்டு நாடு கொண்டுபோவதற்குச் சர்வதேசத் தடை உண்டு, சுங்கத்தில் போனால் போனதுதான்.

கூத்துக் கூட்டாளிகளைப் பிடிக்க ஆளைத் தேடாமல் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரைத் தேடுங்கள். ஆரிடம் பழகினீர்கள், இரண்டு கூத்து வகையில் வடமோடியா தென்மோடியா, என்ன வேசம் கட்டினீர்கள் என்றால் போதும், அன்று கூட ஆடியவர்களின் பேர் வரிசையாக வரும். அண்ணாவியார் இல்லையென்றால் அவர் மகனிடமோ மருமகனிடமோ மத்தளம் இருக்கும். வெற்றிலை பாக்கும் ஒரு சால்வையும் கொண்டு போங்கள். காசை முதலிலேயே நீட்டினால் முகம் மாறிவிடும்.

கூத்துப் பழக்கம் (ஒத்திகை) நடக்கும் இரவில் போய் ஓரமாக இருங்கள். மத்தளத்தைக் கேட்டு வாங்காதீர்கள், அது அண்ணாவியார் தர வேண்டியது. தந்தால் இடுப்பில் கட்டி நின்று அடிக்க வேண்டும். இருந்து வாசித்துப் பழகியவருக்குப் பத்து நிமிடத்தில் முதுகு பிடிக்கும். மேடையில் செய்வது போல இடைவெளியை நிரப்பப் போனால் ஆடுகிறவன் மிதி தவறும். தாளச் சொற்கட்டைக் காதில் பிடிக்கிறதை விட அவன் கால் சதங்கையைப் பார்த்து அடிப்பது நல்லது. ஒரு தரு (கூத்துப் பாட்டு) முடிந்ததும் அவிழ்த்து அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.