நெருஞ்சில் கஷாயம்: டோஸைக் கூட்டுவதற்கு முன்

எம்.ஃபார்ம் படிக்கும் ஒரு வாசகி கேட்கிறார்: "நெருஞ்சில் கஷாயம் சிறுநீரைப் பெருக்குகிறதா என்று எலிகளில் சோதிக்கிறேன். கஷாயம் கொடுத்த எலிகளும் வெறும் தண்ணீர் கொடுத்த எலிகளும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சிறுநீர் விடுகின்றன. டோஸைக் கூட்டிப் பார்க்கலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். முதலில் செடியைப் பாருங்கள். கடையில் நெருஞ்சில் என்று கேட்டால் சில சமயம் யானை நெருஞ்சில் வந்துவிடும். அதன் பச்சை இலையைத் தண்ணீரில் போட்டு நாலு சுற்று சுற்றினால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும், நமக்கு வேண்டிய சின்ன நெருஞ்சிலில் அப்படி வராது. காய்ந்த காய்தான் கையில் இருக்கிறதா? சின்ன நெருஞ்சில் காய் ஐந்து துண்டாகப் பிரியும், யானை நெருஞ்சில் காய் நாலு மூலையிலும் முள்ளோடு கூம்பு மாதிரி இருக்கும்.

செடி சரிதான் என்றால் அடுத்தது அளவு. 1943-இல் லிப்ஷிட்ஸ் வகுத்த முறையைத்தான் இன்னும் அடிப்படையாக வைத்துக்கொள்கிறோம். இரவு பட்டினி போட்ட எலிகள் எல்லாவற்றுக்கும் உடல் எடையில் கிலோவுக்கு 25 மில்லி சலைன் (உப்புநீர்), அதாவது 200 கிராம் எலிக்கு 5 மில்லி. கஷாயத்தின் நீரும் இந்த 5 மில்லிக்குள்ளேயே அடங்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் கூடினாலே சிறுநீர் கூடும், அப்புறம் மூலிகை என்ன செய்தது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. கூண்டில் விடுவதற்கு முன் அடிவயிற்றை மெல்ல அழுத்தி, வாலை லேசாக இழுத்து, சிறுநீர்ப்பையைக் காலி செய்யுங்கள். ஐந்து மணி நேரம் கழித்து மறுபடியும் அதேபோல. இதை விட்டுவிட்டால் ஒரு எலி நேற்றுத் தேக்கி வைத்ததும் இன்றைய கணக்கில் சேர்ந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழுவுக்குச் சிறுநீரைப் பெருக்கும் மருந்தான ஃபியூரோசமைடு, கிலோவுக்கு 10 மில்லிகிராம்.

மில்லி கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள். ஃப்ளேம் ஃபோட்டோமீட்டரில் (சுடரின் ஒளியைக் கொண்டு உப்புகளை அளக்கும் கருவி) சோடியம், பொட்டாசியம் இரண்டையும் பாருங்கள், செறிவை அப்படியே எழுதாமல் சிறுநீரின் அளவால் பெருக்கி மொத்தம் எவ்வளவு வெளியேறியது என்று எழுதுங்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்: நெருஞ்சிலில் இயல்பாகவே பொட்டாசியம் உப்புகள் உண்டு. கஷாயத்தை வற்றவைத்துச் சாம்பலாக்கி அதில் எவ்வளவு பொட்டாசியம் என்று அளந்து, அதே அளவு பொட்டாசியத்தைப் பொட்டாசியம் குளோரைடாக இன்னொரு குழுவுக்குக் கொடுத்துப் பாருங்கள். அந்தக் குழுவும் கஷாயக் குழு அளவுக்கே சிறுநீர் விட்டால், நீங்கள் சோதித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் உப்பைத்தான்.

இந்தக் குழுவுக்குக் கூடுதல் எலிகள் வேண்டும். கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் திருத்தத்துக்கு எழுதி அனுமதி வாங்கிய பிறகே தொடங்குங்கள்.